பாசி எடுக்கும் அம்மாவுக்கு: வண்டு பார்க்கும் மகளை என்ன படிக்க வைப்பது?

மண்டபத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா போனில் பேசினார். கடலில் பாசி எடுக்கப் போகிறவர். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, உயிரியல் பிரிவு. "நர்சிங் சேர்த்தா நாலு வருஷத்துல சம்பளம் வந்துடும் சார். இவ என்னடான்னா பனைமரத்தடியில டம்ளரைப் புதைச்சு வண்டு பிடிக்கிறா. டீச்சர் வேற, இது புது இனமாக்கூட இருக்கலாம்னு சொல்லிட்டாங்க. இதெல்லாம் ஒரு படிப்பா? சோறு போடுமா?" என்று கேட்டார். அவரிடம் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அம்மா, இது படிப்புதான். பூச்சியியல் என்று பெயர். அதற்குள் வகைப்பாட்டியல் என்று ஒரு பிரிவு உண்டு. அது என்னவென்று உங்களுக்கு நான் புதிதாக விளக்க வேண்டியதில்லை. தண்ணீருக்குள் மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் நீங்கள் கை பட்டதுமே பிரித்துவிடுவீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். உங்கள் மகளும் வண்டுகளை அப்படித்தான் பார்க்கிறாள். அந்தக் கண் எல்லாருக்கும் வராது.

ஆனால் "புது இனம்" என்ற பேச்சை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அவள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். கறுப்பு வண்டு, ஓட்டின் மேல் நீளவாக்கில் கோடுகள். படத்தை மட்டும் பார்த்து யாராலும் புதுசு என்று சொல்ல முடியாது. முதலில் அது தரை வண்டு என்கிற குடும்பம்தானா என்று பார்க்க வேண்டும். நம் கடற்கரை மணலில் இருள் வண்டு என்று வேறொரு குடும்பமும் உண்டு, அதுவும் கறுப்புதான். பின்னங்காலின் பாதத்தில் எத்தனை கணு என்று லென்ஸ் வைத்து எண்ணச் சொல்லுங்கள். எல்லாக் காலிலும் ஐந்தைந்து என்றால் தரை வண்டாக இருக்கலாம். பின்னங்காலில் மட்டும் நான்கு என்றால் பெரும்பாலும் இருள் வண்டு.

தரை வண்டுதான் என்று தெரிந்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கும். உலகத்தில் ஏறத்தாழ 40,000 தரை வண்டு இனங்களுக்கு ஏற்கெனவே பெயர் வைத்திருக்கிறார்கள். கையில் இருப்பது அவற்றில் எதுவும் இல்லை என்று காட்ட வேண்டும். கண்ணுக்கு மேலே எத்தனை மயிர், கழுத்துப் பட்டையின் ஓரம் எப்படி வளைகிறது, முன்னங்காலில் உணர்கொம்பைத் துடைக்கிற பள்ளம் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். வெளியே அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரண்டு இனங்களை, ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்தெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் வேறுபடுத்த முடியும். இப்போது டிஎன்ஏ-வும் பார்க்கிறார்கள்.

இந்தியத் தரை வண்டுகளுக்கு எச்.இ. ஆன்ட்ரூஸ் எழுதிய தொகுதிகள் 1929இலும் 1935இலும் வந்தன. இன்றும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சந்தேகம் வந்தால் பழைய இனத்தின் மூல மாதிரியோடு, அதாவது முதலில் பெயர் வைத்தபோது அடையாளத்துக்கென்று எடுத்துவைத்த வண்டோடு, ஒப்பிட வேண்டும். அது லண்டனிலோ கோபன்ஹேகனிலோ ஒரு பெட்டிக்குள் இருக்கும். 18ஆம் நூற்றாண்டில் நம் தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறிப் போன பூச்சிகள் இன்னும் ஐரோப்பாவில் பத்திரமாக இருக்கின்றன என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் மலைப்பாக இருக்கும்.

அப்புறம் விளக்கமும் படமும் சேர்த்து ஆய்விதழில் வெளியிட வேண்டும். எந்த ஒரு வண்டு மூல மாதிரி, அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று அதில் எழுதியே ஆக வேண்டும். நம் நாட்டில் 2002ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி, இந்திய விலங்கியல் ஆய்வகம் மாதிரியான அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும். ஓர் உயிரினத்தைப் பிடித்த நாளுக்கும் அதற்குப் பெயர் வருகிற நாளுக்கும் நடுவே சராசரியாக 21 ஆண்டுகள் ஆகின்றன என்று 2012இல் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதனால் மகளை அவசரப்படுத்தாதீர்கள். தன் பெயரையே வைத்துக்கொள்வது மரபில்லை என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். அம்மா பெயரை வைக்கலாம், அதற்குத் தடையில்லை.

சரி, சோறு போடுமா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பெயர் வைப்பதற்கென்று தனியாக யாரும் சம்பளம் தருவதில்லை. பூச்சியை அடையாளம் காணத் தெரிந்தவருக்கு வேலை உண்டு: வேளாண் பல்கலைக்கழகம், பெங்களூரில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வள மையம், இந்திய விலங்கியல் ஆய்வகம், துறைமுகங்களில் இறக்குமதியாகும் விதையையும் மரத்தையும் சோதிக்கிற தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம், கல்லூரி ஆசிரியர் பணி. தூத்துக்குடியிலேயே அந்த நிலையம் ஒன்று இருக்கிறது.

என் யோசனை, முதல் விருப்பமாக வேளாண்மை இளநிலை. நான்கு வருடம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்துக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டும். இதை இன்னும் நிறைய பெற்றோர் அறியாமல் இருப்பது எனக்கு வருத்தம். வேளாண்மை முடித்துவிட்டுப் பூச்சியியலில் முதுநிலைக்குப் போகலாம். நடுவில் வீட்டுக் கஷ்டம் வந்தாலும் வேளாண் அலுவலர் தேர்வு எழுதலாம், வங்கித் தேர்வு எழுதலாம். கை வெறுமையாக இருக்காது.

மதிப்பெண் எட்டவில்லையா, ராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரி மாதிரி அரசுக் கல்லூரியில் விலங்கியல். மாதம் 1,000 ரூபாய் புதுமைப்பெண் திட்டத்தில் வரும். ஆனால் விலங்கியல் எடுத்தால் முதுநிலையும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வும் கட்டாயம் என்று இப்போதே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்துவிட்டால் ஆராய்ச்சி செய்யும்போதே மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. கிடைக்காவிட்டால் சில வருடம் தடுமாற்றம்தான். அதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட எனக்கு மனம் வரவில்லை.

நர்சிங் நல்ல படிப்பு. அவளே விரும்பினால் நானே விண்ணப்பம் போட்டுத் தருவேன். விரும்பாத பிள்ளையை அதில் சேர்க்க வேண்டாம்.

மகளிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். டம்ளரை வீட்டு வேலிக்குள் மட்டும் புதைக்கட்டும். குருசடை, முயல் தீவுப் பக்கமெல்லாம் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு எறும்பைக்கூட எடுக்கக் கூடாது. முதுகில் ஆறு வெள்ளைப் புள்ளியோடு பெரிய கறுப்பு வண்டு ஒன்று வரும். அதை வெறுங்கையால் தொட வேண்டாம். பின்பக்கமிருந்து அமிலம் பீய்ச்சும், கண்ணில் பட்டால் நெருப்பாய் எரியும்.

பிடித்ததை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் போட்டு, ஒவ்வொரு சீசாவுக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு போடச் சொல்லுங்கள். ஊர், தேதி, பிடித்தவர் பெயர், எந்த மரத்தடி என்று பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். சீட்டு இல்லாத வண்டை எந்த ஆராய்ச்சியாளரும் கையில் வாங்க மாட்டார். ஐப்பசி மழைக்குப் பிறகுதான் அவை நிறைய வெளியே வரும், அதற்குள் பத்துச் சீசா கழுவிக் காயவைத்திருக்கட்டும்.