கூடியவை, கலந்தவை: ஆங்கிலச் சொற்கள் பற்றிக் கேள்வி பதில்

பல பொருள்கள் ஒன்றாகச் சேர்ந்திருப்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் ஏகப்பட்ட சொற்கள். மொழிபெயர்ப்பு வேலையில் நான் அதிகம் தடுமாறியதும், அதிகம் ரசித்ததும் இவற்றில்தான். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கல்லூரி மாணவி: மிக்ஸ்சர், காம்பவுண்ட், பிளெண்ட் எல்லாமே கலவைதானே?

இல்லை அம்மா. வேதியியலில் காற்று மிக்ஸ்சர், தண்ணீர் காம்பவுண்ட். காற்றில் ஆக்சிஜன் ஆக்சிஜனாகவே இருக்கிறது. தண்ணீரில் அது ஹைட்ரஜனோடு பிணைந்து வேறொரு பொருளாகிவிட்டது. தமிழ்ப் பாடநூல்கள் கலவை, சேர்மம் என்று இதை அழகாகப் பிரித்திருக்கின்றன. பிளெண்ட் என்பது அளவு பார்த்து, எது எங்கே என்று தெரியாதபடி இழையக் கலப்பது. யாரோ ஒருவர் யோசித்துச் செய்த கலப்பு அது.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: கலெக்ட், கேதர், அக்யூமுலேட், அசெம்பிள்: வேறுபாடு?

யார் சேர்த்தது, எதற்குச் சேர்த்தது என்று கேட்டுப் பாருங்கள். ஆசைப்பட்டுத் தபால்தலை சேர்த்தால் கலெக்ட். அலமாரியில் தூசி தானாகப் படிந்தால் அக்யூமுலேட்; லத்தீனில் கூமுலஸ் என்றால் குவியல். பாகங்களைப் பூட்டி ஓர் இயந்திரமாக்கினால் அசெம்பிள். சிதறிக் கிடப்பதைப் பொறுக்கி எடுத்தால் கேதர்.

அதே அன்பர்: காகக் கூட்டத்துக்கு மர்டர் என்கிறார்களே, இப்படி ஒரு நூறு சொற்களின் பட்டியல் கிடைக்குமா?

தர மாட்டேன். விலங்குக் கூட்டங்களுக்கான இத்தகைய வினோதப் பெயர்களில் பல 1486இல் அச்சான செயின்ட் ஆல்பன்ஸ் நூலின் பட்டியலில் இருந்து வந்தவை. வேட்டைக்குப் போகும் பிரபுக்களுக்காக எழுதப்பட்ட நூல் அது. சிங்கத்துக்கு பிரைடு என்பதுபோல் சில நிலைத்தன; பெரும்பாலானவை யார் வாயிலும் வருவதில்லை. பறவைக்கு ஃபிளாக், கால்நடைக்கு ஹெர்ட், தேனீக்கு ஸ்வார்ம், ஓநாய்க்கு பேக். இவை போதும். பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள், வாக்கியத்தோடு படியுங்கள்.

வாசகர்: ஆந்தாலஜி என்பது மனிதனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததா?

அது ஆந்த்ரபாலஜி, அதாவது மானிடவியல். ஆந்தாலஜியில் இருப்பது ஆந்தோஸ், அதாவது பூ. பூக்களைத் தேர்ந்து பறிப்பது என்பதே மூலப்பொருள். கவிதைத் தொகுப்பைப் பூவாகப் பார்த்த மனம் நமக்கு அந்நியமில்லை. நாம் மாலை என்று நூலுக்குப் பெயர் வைத்தவர்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒருவர் எழுதிய அனைத்தையும் திரட்டினால் அது ஆந்தாலஜி ஆகாது. தேர்வு இருந்தால்தான் ஆந்தாலஜி.

இன்னொருவர்: பாட்பௌரி என்பதன் பொருள்?

உச்சரிப்பு போபூரி. பிரெஞ்சில் நேர்ப்பொருள் அழுகிய பானை! ஒல்யா பொத்ரீதா என்ற ஸ்பானியக் குழம்பின் பெயரை அப்படியே பெயர்த்திருக்கிறார்கள். பிறகு அது உலர்ந்த இதழ்களும் வாசனைப் பொருள்களும் கலந்து வைத்த ஜாடியைக் குறித்தது. பிறகு பல்சுவைத் தொகுப்பை. தமிழில் கதம்பம் இதற்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும். அதிலும் மணம் இருக்கிறது, பன்மை இருக்கிறது.

ஆங்கில ஆசிரியர்: தாறுமாறான கலவைக்கு ஹாட்ச்பாட்ச் என்பதே சரி. ஹாட்ஜ்பாட்ஜ் கொச்சை. மாணவர்களுக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன் ஐயா. இரண்டுக்கும் தாய் ஹாட்ச்பாட். பிரெஞ்சில் குலுக்குவதைக் குறிக்கும் வினையும் பானையும் சேர்ந்த சொல். பானையைக் குறித்த பாட், எதுகைக்காக பாட்ச் ஆனது. நம் கன்னாபின்னா போல ஓசை ஓசையை இழுத்துக்கொண்டு போகிறது. ஹாட்ஜ்பாட்ஜ் கொச்சை என்றால் ஹாட்ச்பாட்சும் கொச்சைதான். இன்று பிரிட்டனில் ஹாட்ச்பாட்ச், அமெரிக்காவில் ஹாட்ஜ்பாட்ஜ் அதிகம் புழங்குகிறது. இரண்டுக்கும் மதிப்பெண் போடுங்கள்.

வழக்கறிஞர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஹாட்ச்பாட் எங்கள் துறையில் இன்றும் உயிரோடிருக்கிறது. அதில் இழிவே இல்லை.

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். தந்தை உயிரோடிருந்தபோதே ஒரு பிள்ளைக்குக் கொடுத்ததையும் பொதுவில் கொண்டுவந்து கூட்டி, பிறகு எல்லாருக்கும் சமமாகப் பங்கிடுவது சட்டத்தின் ஹாட்ச்பாட். அங்கே அது நியாயத்தின் பானை. தெருவில் அதே சொல் தாறுமாறான குவியல்.

ஆசிரியர் மீண்டும்: அப்படியானால் எந்தப் பொருளைக் கற்பிப்பது?

இரண்டையும். இதைத்தான் முதலிலிருந்து சொல்ல நினைத்தேன். இந்தச் சொற்கள் பொருள்களை மட்டும் காட்டுவதில்லை, சொல்பவரின் மதிப்பீட்டையும் காட்டுகின்றன. ஒரே கடிதக் கட்டை அசார்ட்மென்ட் என்றால் வகைவகையானது, மிசலனி என்றால் பலதரப்பட்டது, ஜம்பிள் என்றால் ஒழுங்கில்லாதது. ஃபராகோ என்றால் திட்டிவிட்டீர்கள். லத்தீனில் அது மாட்டுக்குப் போடும் கலப்புத் தீவனம்.

வேறொருவர்: மிக்ஸ்சர் என்ற சொல்லுக்குப் பதிலாக எதைப் போடலாம்?

எந்த வாக்கியத்தில்?

மற்றொருவர்: கலெக்‌ஷனுக்கு இணையான பத்துச் சொற்கள் தாருங்கள், கட்டுரையில் மாற்றி மாற்றிப் போட.

மாற்றி மாற்றிப் போடாதீர்கள். மேலே எழுதியதையெல்லாம் இதற்காகத்தான் எழுதினேன். ஒரே சொல் நான்கு முறை வந்தாலும் குற்றமில்லை. தவறான சொல் ஒருமுறை வந்தாலும் கட்டுரை கெடும்.

மென்பொருள் பணியாளர்: தரவுத்தளத்தில் அக்ரிகேட் ஃபங்ஷன் எப்படி வேலை செய்கிறது?

அதை உங்கள் துறையினரிடம் கேளுங்கள். சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: கிரெக்ஸ் என்றால் மந்தை. மந்தையில் சேர்த்தால் அக்ரிகேட், மந்தையிலிருந்து பிரித்தால் செக்ரிகேட்.

பள்ளி மாணவர்: இந்தக் கூட்டத்தில் தமிழ்ச் சொல் ஏதாவது உண்டா?

உண்டு தம்பி, கேட்டாயே! கேட்டமரான். நம் கட்டுமரம்தான். மரங்களைச் சேர்த்துக் கட்டியது என்று பெயரிலேயே இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் ஏறிவிட்டது. இன்று அங்கே அது இரட்டை உடல் கொண்ட படகின் பெயர். கட்டிய மரங்கள் அதில் இல்லை.