குரோகோயைட் ஏன் அரிது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கனிமங்களின் நிறங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் குரோகோயைட்டுக்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருந்தீர்கள்: 'ஈயமும் குரோமியமும் சேர்ந்த, அரிய இரண்டாம்நிலைக் கனிமம்'. அங்கேதான் எனக்குச் சிக்கல். ஈயம் பேட்டரிகளில் இருக்கிறது, குரோமியம் துருப்பிடிக்காத எஃகில் இருக்கிறது. இரண்டையும் டன் கணக்கில் வெட்டி எடுக்கிறார்கள். அவை சேர்ந்த கனிமம் மட்டும் எப்படி அரிதாகும்? படத்தில் பார்த்தால் மாணிக்கத்துக்குப் போட்டி போடும் சிவப்பு. அப்புறம் ஏன் யாரும் அதை நகையில் பதிப்பதில்லை? நான் வேதியியல் மாணவி. கொஞ்சம் விரிவாகச் சொன்னாலும் புரியும்.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள வாசகிக்கு,

உப்புப் பகுப்பாய்வில் ஈயத்தை உறுதிசெய்யப் பொட்டாசியம் குரோமேட் கரைசலைச் சேர்ப்பீர்கள். மஞ்சள் வீழ்படிவு வரும். அந்த வீழ்படிவும் குரோகோயைட்டும் ஒரே சேர்மம்தான், ஈயக் குரோமேட். 'குரோம் மஞ்சள்' என்ற பெயரில் சாயத் தொழிற்சாலைகள் மூட்டை மூட்டையாகச் செய்து விற்றதும் இதையே. ஆக, சேர்மத்தில் அபூர்வம் எதுவும் கிடையாது. உங்கள் சோதனைக் குழாயில் நடப்பது யாரும் ஊற்றிக் கொடுக்காமல் மண்ணுக்குள் நடக்க வேண்டும் என்றால்தான் ஏகப்பட்ட நிபந்தனைகள்.

முதல் நிபந்தனை இடம். குரோமியம் பூமியின் அடியாழத்திலிருந்து வந்த, மக்னீசியம் மிகுந்த கரும்பாறைகளில் இருக்கும். அவை நீரேறி மாறிய செர்பென்டைன் பாறையிலும் குரோமைட் என்ற குரோமியத் தாதுவின் மணிகளாகத் தங்கியிருக்கும். ஈயத்தின் போக்கே வேறு. சூடான உப்புக் கரைசல்கள் பாறை வெடிப்புகளில் ஓடிப் படியவைத்த நாளங்களில், கந்தகத்தோடு சேர்ந்து கலீனா என்ற தாதுவாக இருக்கும். இந்த இரண்டு வகைப் பாறைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் இடங்கள் உலகத்தில் குறைவு.

தொட்டுக்கொண்டு கிடந்தாலும் போதாது. குரோமைட்டில் உள்ள குரோமியம் +3 ஆக்சிஜனேற்ற நிலையில், அதாவது மூன்று எலெக்ட்ரான்களை இழந்த நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் அது நீரில் ஏறக்குறைய கரையாது, இருந்த இடத்தைவிட்டு அசையாது. கரைந்து நகர வேண்டுமானால் +6 நிலைக்கு, அதாவது குரோமேட்டாக மாற வேண்டும். காற்றிலுள்ள ஆக்சிஜன் தனியாக அதைச் செய்ய ஆகும் காலத்துக்குக் கணக்கே இல்லை. இயற்கையில் இந்த வேலையை முக்கியமாகச் செய்வது மாங்கனீசு ஆக்சைடுகள். நான் அந்த ஒரு வரியில் மாங்கனீசைச் சொல்லாமல் விட்டது சுருக்கத்துக்காகத்தான், ஆனால் கதையின் முக்கியப் பாத்திரம் அதுதான். ஈயமும் சாமானியத்தில் நகராது. கலீனா மக்கும்போது சல்பேட்டாகவோ கார்பனேட்டாகவோ அங்கேயே படிந்துவிடும். எனவே குரோமேட் கரைசல் மக்கிய ஈயத்தைத் தேடிப் போய்ச் சேர வேண்டும். அதுவும் மெதுவாக வந்தால்தான் படிகம் வளரும், அவசரமாக வந்தால் வெறும் மஞ்சள் தூள்தான்.

இப்படி, ஏற்கெனவே இருந்த தாதுக்கள் நிலமட்டத்துக்கு அருகில் காற்றும் நீரும் பட்டுச் சிதைந்து, அந்தச் சிதைவிலிருந்து புதிதாக உருவாவதைத்தான் இரண்டாம்நிலைக் கனிமம் என்கிறோம்.

இத்தனையும் கூடிவந்த முதல் புகழ்பெற்ற இடம் ரஷ்யாவின் உரால் மலைத்தொடரில் உள்ள பெரியோசோவ்ஸ்க் தங்கச் சுரங்கம். அங்கே கிடைத்த சிவப்புக் கல்லை 'சைபீரியச் செவ்வீயம்' என்று ஐரோப்பாவில் அழைத்தார்கள். ஜெர்மானியக் கனிமவியலர் லேமன் 1766-இல் அதை விவரித்து எழுதினார். அதிலே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க மட்டும் 30 ஆண்டுகள் பிடித்தன. பாரிசில் வோக்லான் என்ற வேதியியலர் 1789-இல் ஒருமுறை பகுத்துப் பார்த்தும் புதிய தனிமத்தைத் தவறவிட்டார். 1797-இல் விடாமல் திரும்பி வந்தார். கல்லைப் பொட்டாசியம் கார்பனேட்டுடன் கொதிக்கவைத்தார், ஈயம் கார்பனேட்டாகப் பிரிந்தது, மேலே மஞ்சள் கரைசல் நின்றது. அதில் பாதரச உப்பைப் போட்டால் சிவப்பு, ஈய உப்பைப் போட்டால் மஞ்சள். தெரிந்த எந்த உலோகமும் இப்படி நடந்துகொள்ளாது. அடுத்த ஆண்டு கரியுடன் சூடாக்கி உலோகத்தையே பிரித்தார். குரோமியம் மனிதர்களுக்குத் தெரியவந்தது இந்தக் கல்லின் வழியாகத்தான். மரகதத்தின் பச்சைக்கும் அதே தனிமம் காரணம் என்று அவரே காட்டினார். அறிவியல் வரலாற்றில் ஒரு கல்லுக்கு இதைவிடப் பெரிய பங்கு கேட்க முடியாது என்பது என் கட்சி.

நீங்கள் பார்த்த படங்கள் அநேகமாக ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவிலிருந்து வந்தவை. அத்தீவின் மேற்கே ஸீஹான் ஊருக்குப் பக்கத்தில் உள்ள டண்டாஸில் செர்பென்டைன் பாறையும் வெள்ளி-ஈய நாளங்களும் அக்கம்பக்கம். அடிலெய்ட் சுரங்கம், ரெட் லெட் சுரங்கம் இரண்டும் சேகரிப்பாளர்களுக்கு மனப்பாடம். மக்கிய இரும்பு, மாங்கனீசுப் பாறையின் பொந்துகளில் விரல் நீளத்துக்கும் அதற்கு மேலும் சிவப்புக் குச்சிகள் தாறுமாறாகக் குவிந்திருக்கும். சில உள்ளே குழலாகவும் இருக்கும். 2000-இல் டாஸ்மேனியா குரோகோயைட்டைத் தன் மாநிலக் கனிமமாக அறிவித்தது. சுரங்கம் தொடங்கிய காலத்தில் அதே கல்லை உருக்காலைக்கு இளக்கியாக, அதாவது தாது எளிதில் உருகச் சேர்க்கும் பொருளாக, அனுப்பிக்கொண்டிருந்தார்கள்! இன்று ஒரு நல்ல கொத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பவர்களுக்கு இதைக் கேட்டால் வயிறு எரியும். டண்டாஸில் குரோமியம் வேறு வேடங்களும் போட்டிருக்கிறது. செர்பென்டைனுக்குள் ஊதா நிறத்தில் இருக்கும் ஸ்டிச்டைட் என்ற குரோமியக் கனிமம் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது அங்கேதான். ஜெர்மனியின் காலன்பெர்க், பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் என்று மற்ற இடங்களும் உண்டு, டண்டாஸ் அளவுக்கு எதுவும் இல்லை.

சரி, நகை. ஒளியைப் பொறுத்தவரை குரோகோயைட்டுக்குக் குறையே கிடையாது. ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் அதன் ஒளிவிலகல் எண் திசையைப் பொறுத்து சுமார் 2.3 முதல் 2.66 வரை போகும், வைரத்துக்கே 2.42தான். பளபளப்பும் வைரச் சாயலில் இருக்கும். ஆனால் 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில் கடினத்தன்மை 2.5 முதல் 3 வரைதான், செப்புக் காசுகூடக் கீறிவிடும். நொறுங்கும் குணம் வேறு. எடையில் 64 சதவீதம் ஈயம், அதனால் குவார்ட்ஸைவிட இரு மடங்குக்கு மேல் கனம். நெடுநாள் வெளிச்சம் பட்டால் நிறமும் தெளிவும் மங்கும். சேகரிப்பாளர்களுக்காகச் சிலர் பட்டை தீட்டியிருக்கிறார்கள், அதைப் போட்டுக்கொண்டு நடமாட முடியாது.

பொடி மஞ்சளாகவும் படிகம் சிவப்பாகவும் ஏன் இருக்கிறது என்று அடுத்து கேட்பீர்கள். சேர்மம் உறிஞ்சுவது நீல ஒளியையும் பச்சையின் ஒரு பகுதியையும். துகள் சிறிதாக இருந்தால் ஒளி கொஞ்ச தூரம் போய்த் திரும்பிவிடும், நீலம் மட்டும் குறைந்து மஞ்சள் தெரியும். தடித்த படிகத்துக்குள் நெடுந்தூரம் பயணிக்கும்போது பச்சையும் பெருமளவு போய், சிவப்பே மிஞ்சும். பீங்கானில் உரசினால் விழும் கோடு ஆரஞ்சு கலந்த மஞ்சள்.

உரசிப் பார்க்கும் ஆசையைத் தயவுசெய்து அடக்கிக்கொள்ளுங்கள். ஈயமும் +6 குரோமியமும் ஒரே தூளில் இருக்கின்றன. அந்த +6 குரோமியம் புற்றுநோயை உண்டாக்கும் என்று நிறுவப்பட்ட பொருள். கல்லைத் தொட்டுப் பார்ப்பதில் பெரிய ஆபத்தில்லை, கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். அறுப்பதும் தேய்ப்பதும் கூடாது. எங்காவது ஒன்று உங்களுக்குக் கிடைத்தால், வெயில் விழாத அலமாரியில், யாரும் ஊதித் துடைக்க முடியாதபடி மூடிய பெட்டிக்குள் வையுங்கள்.