டெமோ காட்ட வருபவருக்கு ‘தற்காலிக பெர்மிட்’ வேண்டுமா?

கேள்வி: பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். சுற்று வட்டாரப் பார்லர் பெண்களைச் சேர்த்து இரண்டு நாள் வகுப்பு நடத்தப் போகிறேன். ஹேர் கட் சொல்லித்தரக் கோயம்புத்தூரிலிருந்து ஒருவரும், மணப்பெண் மேக்கப்புக்கு மலேசியாவிலிருந்து ஒரு அக்காவும் வருகிறார்கள். வெளியாட்கள் கேரளாவில் டெமோ செய்ய ஆளுக்கொரு தற்காலிக பெர்மிட் வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து 18,000 ரூபாய் என்கிறார் ஒரு ஏஜென்ட். இல்லாவிட்டால் வாளையாறு எல்லையிலேயே பிடிப்பார்களாம். கொடுக்கலாமா?

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். கோவைக்காரருக்கு அப்படி ஒரு பெர்மிட்டே கிடையாது.

நம் நாட்டில் முடிவெட்டுபவருக்கோ மேக்கப் போடுபவருக்கோ ஆள் பெயரில் லைசென்ஸ் கிடையாது. கடைக்குத்தான் லைசென்ஸ். அமெரிக்காவில் கதை வேறு. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் இதற்கென்றே வாரியம் உண்டு, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர்தான் கத்தரி பிடிக்கலாம். அதனால் வெளியிலிருந்து டெமோ காட்ட வருபவருக்குச் சில மாநிலங்கள் சில நாள் பெர்மிட் தருகின்றன. அதை எங்கோ கேள்விப்பட்டு இங்கே விற்கப் பார்க்கிறார் உங்கள் ஆள். இந்தியக் குடிமகன் எந்த மாநிலத்துக்கும் போய்த் தொழில் செய்யலாம் என்று அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு சொல்கிறது. வாளையாறு வரிச் சாவடியும் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு போய்விட்டது. சீப்பும் டிரையரும் எடுத்து வருபவரை யார் பிடிக்கப் போகிறார்கள்?

இந்த ஏஜென்ட்டுகள் தரும் தாளைப் பார்த்திருக்கிறேன். கேரள அரசின் யானை, சங்கு முத்திரை, கலர் பிரின்ட், மேலே லேமினேஷன். எந்தச் சட்டம், எந்த அலுவலகம், அரசுக் கட்டண ரசீது எங்கே என்று மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள், போனை எடுக்க மாட்டார். இவர்கள் பிழைப்பதே நமக்கு மலையாளப் படிவம் படிக்க வராததால்தான். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இங்குள்ள தமிழர்கள் அரசுக்குத் தமிழிலேயே எழுத இடம் தருகிறது. கவுன்டரில் அதைச் சொல்லிப் பாருங்கள், நாம் ஏதோ கடன் கேட்டது போல முழிப்பார்கள்! பிறகு ஜனங்கள் ஏஜென்ட்டிடம் போகாமல் எங்கே போவார்கள்?

சரி, உங்களுக்கு வேண்டியது என்ன? உங்கள் பார்லரின் பஞ்சாயத்து லைசென்ஸ் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். புதுப்பிக்க, அரசு ஆன்லைன் வேலைகளை முடித்துத் தரும் அக்ஷயா சென்டர் போதும். ஊசி போடுகிற எந்த வேலையையும் டெமோவில் சேர்க்காதீர்கள், அது டாக்டர் வேலை.

மலேசிய அக்கா விஷயம் அப்படியல்ல. டூரிஸ்ட் விசாவில் வந்து காசு வாங்கிக்கொண்டு வகுப்பு எடுக்கக் கூடாது. ‘சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்’ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வகுப்பு விவரம், சம்பளம் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதி, எந்த விசா என்று கோலாலம்பூர் இந்திய ஹை கமிஷனில் அவரே கேட்கட்டும். இங்கே யார் வீட்டில் தங்குகிறாரோ அவர்கள் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் கொடுக்க வேண்டும். முன்பு சி ஃபாரம் என்பார்களே, அதுதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அவரிடம் ஓசிஐ கார்டு, அதாவது வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் கார்டு, இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் விசாவே வேண்டாம், இந்த மாதிரி வேலைக்குத் தனி அனுமதியும் வேண்டாம். ஆனால் கார்டு கையில் இருக்க வேண்டும். தாத்தா தஞ்சாவூர்க்காரர், வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம் என்பதெல்லாம் கார்டு ஆகாது. விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்பதும் ஆகாது. பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் தெரிகிற மாதிரி கார்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, நீங்களே கண்ணால் பாருங்கள்.

அப்புறம், அவர் பெட்டியில் வரும் க்ரீம்கள். 2023-இல் மலப்புறம் பக்கம் பாதரசம் கலந்த ஃபேர்னஸ் க்ரீம் பூசிய சிலருக்குச் சிறுநீரகம் பாதித்தது. அதே ஆண்டுதான் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்று கடை கடையாகச் சோதனை போட்டது. வெளிநாட்டுச் சரக்கு என்றால் டப்பாவில் இறக்குமதிப் பதிவு எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் இருக்க வேண்டும். பெட்டியில் அள்ளிப்போட்டுக் கொண்டு வருவதில் அது இருக்காது. சோதனை வந்தால் பதில் சொல்ல வேண்டியது கடைக்காரரான நீங்கள். மேக்கப் சாமான்களை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்று அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பில் உங்கள் பார்லர் பெயரில் இருக்கட்டும்.