அம்மாவின் தோல்பையில் வெள்ளை பூத்திருக்கிறது: என்ன செய்யலாம்?

குலசேகரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அம்மா குவைத்தில் நர்ஸாக இருந்தபோது 1987-ல் வாங்கிய தோல் கைப்பை எங்கள் பீரோவில் இருக்கிறது. இந்த மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் மேலெல்லாம் வெள்ளை பூத்திருக்கிறது. பித்தளைப் பூட்டைச் சுற்றிப் பச்சையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. ஒரு வார் வெடித்துவிட்டது. திறந்தால் மக்கிய வாடை. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். பாட்டியின் ஓர்மைக்கு அந்தப் பையைத்தான் கையில் வைத்திருப்பேன் என்கிறாள். பக்கத்து வீட்டு அக்கா தேங்காய் எண்ணெய் தேய்த்து வெயிலில் வைக்கச் சொல்கிறார். செய்யலாமா?"

செய்யாதீர்கள் அக்கா. எண்ணெயும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். நம் குமரி மாவட்டத்தில் பழைய தோல்பைகளைக் கெடுப்பதில் மழைக்கு அடுத்த இடம் இந்த இரண்டுக்கும்தான்.

தேங்காய் எண்ணெய் தலைக்கும் நல்லது, சமையலுக்கும் நல்லது. தோலுக்கு மட்டும் ஆகாது. தேய்த்த அன்று பை பளபளவென்று இருக்கும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அந்த எண்ணெய் காய்ந்து இறுகுகிற எண்ணெய் அல்ல. உள்ளே ஊறிக்கொண்டே போகும், நிறத்தைக் கறுக்க வைக்கும், லைனிங் துணியில் கறையாக இறங்கும், ஒட்டிய பசையை இளக்கும். மார்கழிக் காலையில் எண்ணெய்க் குப்பி உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும். தோலின் நுண்துளைக்குள் இருக்கும் எண்ணெய்க்கும் அதே கதிதான். உறைந்து மேலே வெள்ளையாகப் படியும். பூஞ்சைக்கோ அது தீனி.

வெயில் விஷயம் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. சென்னை பெரியமேட்டில் தோல் தொழில் படித்துவிட்டு நாகர்கோவிலுக்கு வந்த புதிதில், ஐப்பசி மழையில் நனைந்த ஒரு பையைச் சீக்கிரம் கொடுத்துவிட வேண்டும் என்று மொட்டை மாடியில் காயப்போட்டேன். மாலையில் எடுத்தபோது அதன் மேல்மூடி ஒரு விரல் அகலம் சுருங்கியிருந்தது. பூட்டின் நாக்கு துளைக்கு எட்டவில்லை. ஈரத்தோல் சூடானால் அதன் நார்கள் சுருண்டு ஒன்றோடொன்று ஒட்டிவிடும். பிறகு எந்த க்ரீமும் அதை நீட்டாது. பழைய தோல் என்றால் இன்னும் குறைந்த சூட்டிலேயே சுருங்கும். அந்தப் பையும் ஒருவருடைய அம்மாவின் பை.

இப்போது உங்கள் பைக்கு வருவோம். துணியை எடுப்பதற்கு முன்னால், அந்த வெள்ளை என்ன வெள்ளை என்று பாருங்கள். எல்லா வெள்ளையும் பூஞ்சை அல்ல. நம் ஊரில் மூன்று வகை வரும், மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

பூஞ்சை என்றால் பஞ்சு போல, அல்லது வட்டவட்டப் புள்ளியாக இருக்கும். மக்கிய வாடை அடிக்கும். தையல் ஓரங்களிலும் மடிப்புகளிலும் முதலில் பிடிக்கும். கொழுப்பு என்றால் மெழுகுத் தூள் போல மெல்லிய படலமாக, தொட்டால் வழவழப்பாக இருக்கும். பதனிடும்போது தோல் மென்மையாக இருக்க ஏற்றிய கொழுப்புதான் வருடக்கணக்கில் மேலே வந்து அப்படி நிற்கிறது. உப்பு என்றால் விளிம்பு தெரிகிற கறையாக, நறநறவென்று இருக்கும். கொளச்சல், முட்டம் பக்கம் கடற்காற்றில் கிடந்த பைகளிலும் வியர்வை பட்ட கைப்பிடிகளிலும் இதைப் பார்க்கிறேன்.

கண்டுபிடிக்க வழி எளிது. தலைமுடி காயவைக்கும் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓர் ஓரத்தில் சில விநாடி மட்டும் காட்டுங்கள். வெள்ளை உருகி மறைந்தால் கொழுப்பு. மறையாவிட்டால், ஈரம் பிழிந்த துணியால் அந்த இடத்தை ஒற்றுங்கள். கரைந்து போனால் உப்பு. இரண்டும் இல்லை, வாடையும் உண்டு என்றால் பூஞ்சை. நீங்கள் எழுதியதைப் படித்தால் பூஞ்சை உறுதி என்றே படுகிறது, கொழுப்பும் சேர்ந்திருக்கலாம்.

கூடவே அது தோல்தானா என்றும் பார்த்துவிடுங்கள். அந்தக் காலத்தில் வளைகுடாவிலிருந்து வந்த பைகளில் ரெக்சினும் நிறைய உண்டு. வார் வெடித்த இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். உள்ளே பஞ்சு பிரிந்தது போல நார் தெரிந்தால் தோல். நெய்த துணியும் அதன்மேல் உரிகிற தோடும் தெரிந்தால் ரெக்சின். உரிய ஆரம்பித்த ரெக்சினை வீட்டில் மீட்க முடியாது, அதற்காகச் செலவு செய்ய வேண்டாம். இன்னொரு சோதனை: வெள்ளைத் துணியால் உலர்வாகத் தேய்க்கும்போது செங்கல் பொடி போல ஒட்டிக்கொண்டு வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மரப்பட்டையில் பதனிட்ட பழைய தோல் உள்ளுக்குள் சிதைந்துபோன நிலை அது. தண்ணீர் பட்டால் கறுத்து விறைத்துவிடும். அந்தப் பையைத் தொழில் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

தோல்தான், பொடியவில்லை என்றால் வேலையைத் தொடங்கலாம்.

முகத்துக்கு மாஸ்க் கட்டிக்கொண்டு பையை முற்றத்துக்குக் கொண்டு போங்கள். வீட்டுக்குள் தட்டினால் பூஞ்சை வித்து மற்ற துணிமணியில் போய் உட்காரும். ஆஸ்துமா உள்ளவர்கள் இதைச் செய்யவே வேண்டாம். உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, வரும் வரைக்கும் லைனிங்கை வெளியே இழுத்துவிட்டு, நிழலில், காற்றோட்டமான இடத்தில் இரண்டு நாள் வையுங்கள். குலசேகரம் ரப்பர் தோட்டத்து ஈரம் எனக்குத் தெரியும். ஆரல்வாய்மொழிக் காற்றில் ஒரு நாளில் உலர்வது உங்கள் ஊரில் உலர நாள் பிடிக்கும். மின்விசிறி போட்டுக்கொள்ளுங்கள். உலர்ந்த பூஞ்சை பொடியாக உதிரும். ஈரப் பூஞ்சையைத் துடைத்தால் தோலுக்குள் அப்பிக்கொள்ளும். உலர்ந்தபின் பழைய ஷேவிங் பிரஷ் போல மென்மையான ஒன்றால், தையல் வழியாகப் பையப் பைய ஒரே திசையில் தட்டிவிடுங்கள்.

அடுத்தது ஸ்பிரிட். மெடிக்கல் ஷாப்பில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கேளுங்கள். அதோடு அதே அளவு தண்ணீர் கலந்து, வெள்ளைப் பருத்தித் துணியில் தொட்டு, நன்றாகப் பிழிந்து துடைக்க வேண்டும். முதலில் பையின் அடிப்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவு துடைத்து, துணியைப் பாருங்கள். சாயம் ஏறியிருந்தால் ஸ்பிரிட்டை விட்டுவிடுங்கள். ஏறாவிட்டால் முழுப்பையும் லேசாக ஒருமுறை துடைக்கலாம். அடுப்பருகே வேண்டாம், ஸ்பிரிட் காயும் முன் ஹேர் டிரையரும் வேண்டாம்; தீப்பிடிக்கும்.

அழுக்கு எடுப்பதற்கு எல்லோரும் குளியல் சோப்பை எடுக்கிறார்கள். சோப்பு காரம்; தோலோ இயல்பிலேயே கொஞ்சம் அமிலத் தன்மை உள்ளது. காரம் பட்டால் நார் வீங்கி, காயும்போது விறைக்கும். சமையல் சோடாவைத் தோல்மேல் தேய்க்கக் கூடாது என்று சொல்வதும் இதற்காகத்தான். அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டு குழந்தை ஷாம்பு போதும். அடித்து நுரை எழுப்பி, நுரையை மட்டும் துணியில் எடுத்துத் துடைத்து, வேறொரு ஈரத்துணியால் உடனே ஒற்றி எடுங்கள். உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் வெள்ளைக் கோடு விழும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள், ஸ்பிரிட்டில் கலக்கவும் அதுவே உதவும். பேனா மைக் கறை இருந்தால் விட்டுவிடுங்கள். மையை எடுக்கப் போனால் சாயமும் சேர்ந்து வந்து, கறை இருந்த இடத்தில் வெளுத்த திட்டு நிற்கும்.

துடைத்த பையை வெள்ளைத் துணியால் நிரப்பி, நிழலில் ஒரு முழு நாள் விடுங்கள். செய்தித்தாள் திணித்தால் அச்சு மை லைனிங்கில் ஏறும்.

பூட்டில் இருக்கும் பச்சைக்கு வருகிறேன். பித்தளையில் உள்ள செம்பும் தோலில் உள்ள கொழுப்பும் சேர்ந்து உண்டாகும் மெழுகு அது. பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் மூங்கில் பல்குச்சியால் சுரண்டினால் சுருள் சுருளாக வந்துவிடும். ஊசியோ கத்தியோ வேண்டாம். குத்துவிளக்கு துலக்குகிற புளியையும் பீதாம்பரியையும் பைக்குப் பக்கத்திலேயே கொண்டு போகாதீர்கள். ஒரு சொட்டு தோலில் வழிந்தாலும் கறை நிற்கும். பச்சை போனபின் உலர்ந்த பஞ்சால் பூட்டைத் தேய்த்தால் போதும். கண்ணாடி போல மின்ன வேண்டாம். 1987-ன் பித்தளை கொஞ்சம் மங்கி இருப்பதுதான் அழகு.

இதற்குப் பிறகுதான் க்ரீம். நிறமற்ற லெதர் க்ரீம் கேட்டு வாங்குங்கள். மொத்தப் பைக்கும் ஒரு சுண்டைக்காய் அளவு போதும். துணியில் எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பரப்பிவிட்டுப் பிறகு பையில் தடவுங்கள். ஓர் இரவு விட்டு, உலர்ந்த துணியால் மெருகேற்றுங்கள். வளைத்துப் பார்க்கும்போது இன்னும் வறட்சியாக இருந்தால் மறுநாள் இன்னொரு முறை. அதற்கு மேல் வேண்டாம். கலர் ஷூ பாலீஷ் போட்டால் அது முகூர்த்தப் பட்டில் ஒட்டும். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே எல்லாம் முடிந்திருக்கட்டும்.

வெடித்த வார் மட்டும் க்ரீமால் சேராது. அறுந்த நார் அறுந்ததுதான். ஃபெவிக்விக் போட்டால் அந்த இடம் கண்ணாடி போல இறுகி, பக்கத்தில் புதிதாக வெடிக்கும். செருப்பு தைக்கிற அண்ணாச்சியிடம் கொண்டு போய், வாரைப் பிரித்து, இரண்டு தோலுக்கும் நடுவே நைலான் நாடா வைத்து, சொல்யூஷன் போட்டு ஒட்டி, பழைய துளைகள் வழியாகவே கையால் தைக்கச் சொல்லுங்கள். புதுத் துளை போட்டால் பழைய தோல் தபால்தலை மாதிரிக் கிழியும். மார்த்தாண்டத்தில் தேன் விற்கிற கடைகளில் தேன்மெழுகு கேட்டால் கிடைக்கும். ஒரு சிறு கட்டி வாங்கிக் கொடுத்து, நூலை அதில் இழுத்துத் தைக்கச் சொன்னால் நூலில் ஈரம் ஏறாது. மிச்சத் துண்டை ஜிப் பல்லில் தேய்த்துவிடுங்கள், வழுக்கிக்கொண்டு ஓடும்.

வாடைக்குச் சிரட்டைக் கரி. நன்றாக ஆறிய கரியை உடைத்து, இரட்டைத் துணியில் முடிந்து, பைக்குள் வைத்து, இரண்டையும் ஒரு மூடிய அட்டைப்பெட்டியில் ஒரு வாரம் விடுங்கள். நடுவில் ஒருமுறை கரியை மாற்றுங்கள். பாச்சை உருண்டை போட்டால் பழைய வாடை போய் உருண்டை வாடை நிற்கும். அதைப் போக்குவது இன்னும் பெரிய பாடு.

இனி வைக்கிற இடம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சை திரும்ப வரும். நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை; இரண்டு பருவமழையும் பெறுகிற மாவட்டம் இது. அதனால் பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீர்கள், அது ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். பழைய பருத்தித் தலையணை உறை போதும். வெளிச்சுவரை ஒட்டிய பீரோவின் கீழ்த்தட்டில் வைக்காமல் நடுத்தட்டில், சுவரைத் தொடாமல் வையுங்கள். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, ஒரு மணி நேரம் மின்விசிறிக் காற்று காட்டுங்கள். பூத்திருந்த பை எடுத்த அந்தத் தட்டையும் மறக்காமல் ஸ்பிரிட்டால் துடையுங்கள். அதை விட்டுவிட்டுப் பையை மட்டும் சுத்தம் செய்து திரும்ப வைப்பவர்கள்தான் அடுத்த வருடமும் என்னிடம் வருகிறார்கள்.

ஒன்று மட்டும் மகளிடம் சொல்லிவையுங்கள். கல்யாணத்தன்று தலைக்கு வாங்கிய தோவாளைப் பூவில் மிச்சத்தை, ஈர வாழையிலையோடு அந்தப் பைக்குள் வைத்துவிட வேண்டாம். யாராவது அவசரத்தில் வைத்துவிட்டால், அன்று இரவே எடுத்துவிட்டுப் பையைத் திறந்தபடி காற்றில் வைக்கட்டும்.