‘நான்-ரியாக்டிவ்’ என்று ஏன் எழுதுகிறார்கள் எனக் கேட்ட மாணவி

சென்ற ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு குடும்பத்தினர் மேற்படிப்பு ஆலோசனைக்காக என்னைப் பார்க்க வந்தார்கள். தந்தை துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் இடையே கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுபவர். தாய் வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். மாநகராட்சிப் பள்ளியில் நல்ல மதிப்பெண்ணுடன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த மகள், நீட் தேர்வை இரண்டு முறை எழுதியும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில்கூட இடம் பெறும் அளவுக்கு மதிப்பெண் எட்டவில்லை. கூடவே பெரியப்பாவும் வந்திருந்தார். பேச்சில் முக்கால் பங்கு அவருடையது. வெளிநாட்டில் மருத்துவப் படிப்புக்கு ஒரு ஏஜென்ட் 28 லட்சம் கேட்கிறார் என்றும், வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தால் தொகை கிடைத்துவிடும் என்றும் சொல்லிவிட்டு, “நம்ம வம்சத்துல ஒரு டாக்டராவது இருக்க வேணாமா சார்?” என்று முடித்தார்.

முதல் பத்து நிமிடம் நானும் வழக்கம்போல, கவலைப்படாதீர்கள், வழி இருக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்திரம் என்ற சொல் காதில் விழுந்ததும் அந்தப் பேச்சை நிறுத்திவிட்டு, ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். 28 லட்சத்துக்கு ஆண்டுக்கு 11 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால், அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல், வட்டி மட்டும் மாதம் 25,000 ரூபாயைத் தாண்டுகிறது. இப்போதைய விதிப்படி வெளிநாட்டில் குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கேயே 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்ததும் 300 மதிப்பெண்ணுக்கு 150 எடுக்க வேண்டிய தகுதித் தேர்வு, அதன் பிறகு இங்கே மேலும் ஓராண்டுப் பயிற்சி. அந்தத் தகுதித் தேர்வில் ஒவ்வொரு முறையும் தேறாதவர்களே பெரும்பான்மை. அந்த இடைக்காலத்தில் வட்டியைக் கட்டுவது யார் என்ற கேள்விக்குப் பெரியப்பாவிடம் பதில் இல்லை. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தால், சேருங்கள் என்று நானே முதலில் சொல்லியிருப்பேன். மருத்துவத் தொழில்மீது எனக்கு எந்தக் குறையும் கிடையாது. குடியிருக்கும் வீட்டை வைத்துச் சூதாடுவதைத்தான் நான் ஏற்கவில்லை.

அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்த அந்தப் பெண்ணிடம், மருத்துவத்தில் எது பிடிக்கும் என்று கேட்டேன். நோயாளிகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சென்ற மழைக்காலத்தில் தம்பிக்கு டெங்கு வந்து தட்டணுக்கள் ஏற்றினார்களாம். பையின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா என வரிசையாகப் போட்டு, எதிரில் ‘நான்-ரியாக்டிவ்’ என்று அச்சிட்டிருந்ததாம். “நெகட்டிவ்னு எழுதாம ஏன் அப்படி எழுதுறாங்க?” என்று அப்போதே செவிலியரிடம் கேட்டிருக்கிறார். அவர் ரத்த வங்கிக்கு அனுப்ப, அங்கிருந்த டெக்னீஷியன் ஐந்து நிமிடம் விளக்கியதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். இரண்டு ஆண்டுகளாக நீட் பயிற்சி எழுப்பாத ஆர்வத்தை ஒரு சீட்டு எழுப்பியிருக்கிறது.

அந்தக் கேள்விக்கான விடைதான் ஒரு தொழிலின் வாசல். பரிசோதனை சொல்வதெல்லாம், நாம் சேர்த்த வேதிப்பொருள் இந்த ரத்தத்தோடு வினைபுரியவில்லை என்பதை மட்டுமே. கிருமி இல்லவே இல்லை என்று அது சாட்சி சொல்வதில்லை. ஹெபடைடிஸ் சி வைரஸ் உடலில் புகுந்த பின் அதற்கெதிரான எதிர்ப்பொருள் ரத்தத்தில் தென்பட ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். அந்த இடைவெளியை ஆய்வகத்தில் விண்டோ பீரியட் என்பார்கள். அதற்குள் ஒருவர் ரத்தம் கொடுத்தால், எதிர்ப்பொருளைத் தேடும் எலைசா பரிசோதனை அவரைத் தெரியாமல் விட்டுவிடும். வைரஸின் மரபணுவையே நேரடியாகத் தேடும் நாட் பரிசோதனை அந்த இடைவெளியைச் சில நாள்களாகச் சுருக்குகிறது, முழுதாக மூடுவதில்லை. மிச்சமிருக்கும் அந்தச் சில நாள்களையும், வைரஸின் மேலுறைப் புரதத்தைத் தேடும் மேற்பரப்பு ஆன்டிஜென் சோதனைக்குச் சிக்காமல் கல்லீரலில் ஒளிந்திருக்கும் ஹெபடைடிஸ் பி-யையும் துரத்துவதே ரத்தப் பாதுகாப்பை ஆராயும் வைரஸ் இயலாளரின் வேலை.

இதன் வரலாறு ரத்த வங்கிகளிலேயே நிகழ்ந்தது. 1960களில் அமெரிக்காவில் பரூக் பிளம்பெர்க், பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு ஹீமோஃபிலியா (ரத்தம் எளிதில் உறையாத நோய்) நோயாளியின் ரத்தநீர், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் ரத்தநீரோடு வினைபுரிவதைக் கண்டார். அந்தப் பழங்குடியினரின் ரத்தநீரில் வினைபுரிந்த பொருள் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் என்று பிற்பாடு தெரியவந்தது. நம் ஊர் ஆய்வகங்களில் மூத்தவர்கள் இன்றும் அதை ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்றே சொல்வார்கள். அந்தச் சோதனை வந்த பிறகும் ரத்தம் ஏற்றியவர்களுக்கு மஞ்சள் காமாலை வருவது நிற்கவில்லை. ஹார்வி ஆல்டர், ஹெபடைடிஸ் ஏ-யும் அல்லாத பி-யும் அல்லாத ஒன்று இருக்கிறது என்று 1970களில் நிறுவினார். அந்த மறைந்திருந்த கிருமியின் மரபணுத் துணுக்கை மைக்கேல் ஹாட்டனின் குழு 1989இல் வெளியிட்டது. அதுவே கல்லீரல் அழற்சியை உண்டாக்கப் போதுமானது என்பதைச் சார்லஸ் ரைஸ் மெய்ப்பித்தார். மூவருக்கும் 2020ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இங்கே பெரியப்பாவுக்காகச் சில செய்திகளைச் சொன்னேன். அம்மூவரில் மருத்துவப் பட்டம் பெற்றவர் ஆல்டர் ஒருவர் மட்டுமே. ரைஸ் இளங்கலையில் படித்தது விலங்கியல். ஹாட்டனின் தந்தை லாரி ஓட்டுநர். இதைக் கேட்டதும் அந்தத் தந்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அன்றாட வேலை எப்படி இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். காலையில் மாதிரிக் குழாய்கள் வரும். குழாயின் எண்ணும் பதிவேட்டின் எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதிலேயே முதல் ஒரு மணி நேரம் போகும். பின்பு சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி ரத்தநீரைப் பிரித்து, 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் பிப்பெட்டால் அளந்து இட்டு, கழுவி, மீண்டும் வேதிப்பொருள் சேர்த்து, எந்தக் குழி மஞ்சளாகிறது என்று கருவியில் படிப்பார்கள். சில குழிகள் ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் நடுவில் நிற்கும். அவற்றைத் திரும்பவும் செய்ய வேண்டும். ஆராய்ச்சி ஆய்வகமானால் மரபணுவைப் பலமடங்காகப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர்., மரபணு வரிசை படித்தல், எந்த வகை வைரஸ் எந்த வட்டாரத்தில் பரவுகிறது என்று கணித்தல் ஆகியவையும் சேரும். தட்டணுக்களுக்கு ஆயுள் ஐந்தே நாள் என்பதால், ரத்த மையத்தில் முடிவை நாளைக்குத் தருகிறேன் என்று தள்ளிப்போட முடியாது. ஒரே வேலையை ஆயிரம் முறை அதே கவனத்தோடு செய்யும் பொறுமை இல்லாதவருக்கு இது ஒத்துவராது. அந்தப் பெண்ணின் நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது எனக்கு அந்தக் கவலை எழவில்லை.

தாய்க்கு ஒரே ஓர் அச்சம்: “அந்த ரத்தத்தைத் தொட்டா இவளுக்கே வந்துடாதா?” ஹெபடைடிஸ் பி-க்கு மூன்று தவணைத் தடுப்பூசி உண்டு, போட்ட பின் எதிர்ப்பாற்றல் போதுமான அளவு வந்திருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்ளலாம். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் பெரும்பாலோருக்கு மூன்று மாத மாத்திரையில் குணமாகிறது. கையுறை, பாதுகாப்புப் பெட்டி, ஊசி குத்தினால் உடனே என்ன செய்வது என்ற நடைமுறை ஆகியவை பாடத்தின் பகுதியே. அடுத்து அவர் கீழாநெல்லியைப் பற்றிக் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், அதே பிளம்பெர்க்கையும் இணை ஆசிரியராகக் கொண்டு, ஹெபடைடிஸ் பி தொற்றைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்த ஆய்வை 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஆனால் பின்னர் பிற இடங்களில் நடந்த ஆய்வுகள் அந்த முடிவை உறுதிப்படுத்தவில்லை. பாட்டியின் வைத்தியத்தையும் பேராசிரியரின் கட்டுரையையும் ஒரே தராசில் வைத்து, மாதிரிகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்பதும் இந்தத் தொழில்தான் என்றேன்.

பாதையைப் பொறுத்தவரை என் முதல் பரிந்துரை, அரசு மருத்துவக் கல்லூரியில் பி.எஸ்சி. மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம். இதற்கு நீட் வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு நடக்கும். இதை முதலில் வைப்பதற்குக் காரணம் பணம். ரத்த மையத்தில் டெக்னீஷியனாகப் பணிபுரிய மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பத்தில் பட்டமோ பட்டயமோ வேண்டும் என்பது விதி. வெறும் நுண்ணுயிரியல் பட்டம் அதற்குப் போதாது. நடுவழியில் குடும்பத்துக்கு வருமானம் தேவைப்பட்டால் கையில் ஒரு வேலை இருக்கும். தனியார் ஆய்வகங்களில் தொடக்கச் சம்பளம் குறைவுதான், அதையும் சொல்லிவிட்டேன். அந்த இடம் கிடைக்காவிட்டால், பாரதி மகளிர் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரியில் விலங்கியலோ வேறு உயிரியல் பட்டமோ படிக்கலாம். இரண்டிலும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பேருந்துக்கும் பதிவேட்டு நோட்டுகளுக்கும் அது போதும்.

பட்டத்துக்குப் பின் எம்.எஸ்சி. வைரஸ் இயல். புனேயிலுள்ள தேசிய வைரஸ் இயல் நிறுவனத்திலும், திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு உண்டு. இடங்கள் சிலவே, நுழைவுத் தேர்வு கடினம். எந்தப் பட்டத்தினர் விண்ணப்பிக்கலாம் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிக்கையில் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நடத்தும் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றால், முனைவர் பட்ட ஆய்வின் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் அதன் பின் 42,000 ரூபாயும், அவற்றோடு வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். படிப்பதற்கே சம்பளம் தரும் கட்டம் அது. ஜே.ஆர்.எஃப். கிடைக்காதவர்கள் குறைந்த ஊதியத்தில் திட்டப் பணியாளராக இருந்து மீண்டும் எழுதுகிறார்கள். மொத்தத்தில் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். ரத்த மையத்தின் பொறுப்பு மருத்துவராக மட்டும் இவரால் ஆக முடியாது, அதற்கு எம்.பி.பி.எஸ். வேண்டும்.

பத்து ஆண்டு என்றதும் பெரியப்பா, “அப்போ கல்யாணம் எப்ப சார்?” என்றார். வெளிநாட்டுப் படிப்பும் பயிற்சியும் முடிய ஏழாண்டு ஆகும் என்று சற்று முன் கணக்குப் போட்டபோது இந்தக் கேள்வி ஏன் வரவில்லை என்று கேட்டேன். சிரித்துவிட்டார். ஆனால் ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். தனியார் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் கட்டி பயோடெக்னாலஜி சேர்க்கலாமா என்று அடுத்து ஆரம்பித்தார். அதற்கும் முடியாது என்றே சொன்னேன். இந்தப் பெண்ணின் இளங்கலைக்கு ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்கக் கூடாது. முதுகலையில் விடுதிச் செலவுக்குத் தேவைப்பட்டால் அப்போது சிறு கல்விக் கடனைப் பற்றி யோசிக்கலாம்.

சாதிச் சான்றும் வருமானச் சான்றும் இ-சேவை மையத்தில் எடுத்து, இரண்டு விண்ணப்பங்களையும் இந்த வாரமே போடச் சொன்னேன். ஏஜென்டிடம் முன்பணம் எதுவும் கொடுக்கவில்லை என்பதை இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன். கிளம்பும்போது தந்தையைத் தனியே அழைத்து, பத்திரம் இருக்கும் பீரோவின் சாவியை இன்றே வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிடுங்கள் என்றேன்.