புதுச்சேரித் தமிழர் ஒருவருக்கு ‘லாபோர்த்’ என்ற குடும்பப் பெயர் எப்படி வந்திருக்கும்?

உங்கள் கேள்வி இது: கூட வேலை பார்க்கும் புதுச்சேரிக்காரரின் குடும்பப் பெயர் லாபோர்த். ஆளைப் பார்த்தால் நம்மைப் போலத்தான் இருக்கிறார், வீட்டில் தமிழ்தான் பேசுகிறார். அவருடைய முன்னோர் பிரெஞ்சுக்காரர்களா? இந்தப் பெயர் எவ்வளவு பேருக்கு இருக்கும்?

பெயரை மட்டும் வைத்துப் பிரெஞ்சு ரத்தம் என்று முடிவு கட்ட வேண்டாம். என் அம்மா வழியிலும் இப்படி ஒரு பெயர் உண்டு. தாத்தாவின் தாத்தா வரை எல்லோரும் தமிழர்கள்தான்.

1881 செப்டம்பர் 21 அன்று பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. பிரெஞ்சு இந்தியாவில் இருந்தவர்கள் விரும்பினால் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். ஒருமுறை துறந்தால் திரும்ப முடியாது. அப்படித் துறந்தவர்களை ‘ரெனோன்சான்’ என்பார்கள். துறக்கும்போது ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும். தகப்பன் பெயரை முன்னால் போட்டு எழுதிவந்த நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்பதே புதுசு. சிலர் பிரெஞ்சுச் சொல்லை எடுத்தார்கள், சிலர் கிறிஸ்தவப் பெயரை எடுத்தார்கள், சிலர் தமிழ்ப் பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

லாபோர்த் என்ற பெயரை அப்படி எடுத்தவர் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர். 1873இல் அவர் ஐரோப்பியச் சப்பாத்து போட்டுக்கொண்டு புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியர் அப்படி வரக்கூடாது என்று தடுத்தார்கள். அவர் விடவில்லை, பாரிஸில் உள்ள உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். ஆணை வந்ததும் துறந்தவர்களில் முன்னணியில் நின்றார். ‘லா போர்த்’ என்றால் கதவு. மற்றவர்களுக்கு வழி திறந்துவிடும் கதவு என்ற பொருளில்தான் அந்தப் பெயரை எடுத்தார் என்று சொல்வார்கள். எனக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் தோன்றவில்லை.

பிரான்ஸில் லாபோர்த் சாதாரணமாகக் கேட்கும் பெயர். ஊர் வாசலுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு வந்தது. அந்தக் குடும்பங்களுக்கும் புதுச்சேரிப் பெயருக்கும் உறவு தேட வேண்டியதில்லை, சொல் மட்டும்தான் ஒன்று.

இந்த வகைப் பெயர்கள் இங்கே அரிதாக இருப்பதற்குக் காரணம் அந்த ஆணையிலேயே இருக்கிறது. ஒருவர் துறந்தால் அது அவருடைய மனைவிக்கும் மைனர் பிள்ளைகளுக்கும் சேரும். வயது வந்த அண்ணன் தம்பிக்குச் சேராது. அவர்கள் தனியாகப் போய்த் துறக்க வேண்டும், வேறு பெயரும் எடுக்கலாம். அதனால் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்களுக்கே இரண்டு குடும்பப் பெயர் வர வழி இருந்தது. பெண் பிள்ளைகள் மட்டும் இருந்த வீட்டில் பெயர் அத்தோடு நின்றது. அப்புறம் பலர் அரசு வேலைக்காக வியட்நாமின் சைகோன் நகரத்துக்குப் போனார்கள். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த 1962 ஆகஸ்ட் 16க்குப் பிறகு, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று முடிவு செய்ய ஆறு மாதம் கொடுத்தபோது பல குடும்பங்கள் மறுபடியும் பிரிந்தன.

இப்படித் துறப்பதை அன்று எல்லோரும் வரவேற்கவில்லை. புதுச்சேரி அரசியல் தலைவர் சண்முக வேலாயுத முதலியார் சாதி வழக்கங்களைக் காக்க வேண்டும் என்று கடுமையாக எதிர்த்தார், அவருக்குச் செல்வாக்கும் அதிகம். ஆனால் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பலருக்கு, பெயரைச் சொன்னதும் சாதி தெரியாமல் இருப்பதே பெரிய விஷயம். என் முன்னோர் அந்தப் பக்கம் நின்றவர்கள் என்பதில் எனக்குப் பெருமைதான்.

தாத்தாவின் ‘லிவ்ரே’, அதாவது பிரெஞ்சுக் குடும்பப் பதிவுப் புத்தகம், இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. குடும்பப் பெயர் பிரெஞ்சு, அதற்குக் கீழே அவருடைய சொந்தப் பெயரான முத்து. உகரத்துக்கு ‘ஓ’, ‘யு’ என்று இரண்டு எழுத்து போடுவது பிரெஞ்சு வழக்கம். சென்னையில் வங்கிக்குப் போனால் அதை ‘மௌட்டௌ’ என்று கூப்பிடுவார்கள், பாட்டிக்குக் கோபம் வரும்.

உங்கள் நண்பர் தேட விரும்பினால், பிரெஞ்சு இந்தியாவின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் ஆவணக் காப்பகம் இணையத்தில் படமாகவே போட்டிருக்கிறது. புதுச்சேரியா காரைக்காலா என்பதும் தோராயமான வருடமும் தெரிந்தால் தொடங்கிவிடலாம். குடும்பப் பெயரை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் எழுதியிருக்கும் தகப்பன் பெயரையும் படிக்கச் சொல்லுங்கள். பழைய தமிழ்ப் பெயர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.