வலி போயிடுச்சு டாக்டர், என் குதிரை மேல ஏறலாமா?

கேள்வி: எனக்கு வயசு 34, பெங்களூர் அல்சூர்ல இருக்கேன். ரேஸ்ல இருந்து ரிடையர் ஆன ஒரு தாரோபிரெட் (ரேஸுக்குன்னே வளக்கற இனம்) பெண் குதிரையை ரெண்டு வருஷமா வெச்சிருக்கேன், எலஹங்கா பக்கம் ஒரு லாயத்துல நிக்குது. தீபாவளி சமயத்துல எங்கேயோ வெடி போட்டாங்க, அதுல மிரண்டு துள்ளிடுச்சு, நான் விழுந்து இடது காலர் போன் உடைஞ்சிடுச்சு. ஆபரேஷன் இல்லாம ஸ்லிங் மட்டும் போட்டாங்க. இப்ப ஏழு வாரம், வலி இல்ல, ஸ்கூட்டர்கூட ஓட்டுறேன். குதிரை சரியா ஓட்டம் இல்லாம துடிச்சிட்டு நிக்குதுன்னு அதைப் பாத்துக்கற சைஸ் (குதிரைக்காரர்) சொல்றார். ஒரு வலி மாத்திரை போட்டுட்டு ஏறிடலாமா? வீட்டுக்காரர் குதிரையையே வித்துடச் சொல்றார்.

பதில்: ஏறாதீங்கம்மா. இனிமே ஏறவே கூடாதுன்னு சொல்லல, இந்த மாசம் வேண்டாம், அப்புறம் ஏறும்போதும் மொத தடவை உங்க குதிரை மேல வேண்டாம். வெறுமனே வேண்டாம்னு சொன்னா நீங்க நாளைக்கே லாயத்துக்குப் போயிடுவீங்கன்னு கேள்வியைப் படிச்சாலே தெரியுது, அதனால காரணத்தையும் சொல்லிடறேன்.

எலும்பு உடைஞ்சா மொத ரெண்டு மூணு வாரத்துல அந்த இடத்துல மெத்துனு ஒரு திசு வளந்து ரெண்டு முனையையும் புடிச்சுக்கும், அது அப்புறம் மெதுவா எலும்பா இறுகும். முனைங்க ஆடுறது நின்னவுடனே வலியும் நின்னுடும், ஆனா பலம் வந்தாச்சுன்னு அதுக்கு அர்த்தம் இல்ல. பெரியவங்களுக்கு காலர் போன் நல்லா ஒட்டி, விழுந்தாலும் தாங்கற அளவுக்கு வர 12 வாரமாவது ஆகும், சிலருக்கு அதுக்கு மேலயும் ஆகும், சிகரெட் பழக்கமோ சுகரோ இருந்தா இன்னும் லேட் ஆகும். இப்ப நீங்க இருக்கறதுதான் ரொம்ப ஏமாத்தற கட்டம், கை நல்லா தூக்க வருது, துணி உடுத்த முடியுது, ஆனா உள்ள எலும்பு பாதி வழியிலதான் நிக்குது.

நம்ம கையை உடம்போட எலும்பு வழியா சேக்கறது இந்த ஒரு காலர் போன்தான், மத்ததெல்லாம் தசையும் தசைநாரும்தான். 450, 500 கிலோ இருக்கற ஒரு குதிரை தலையைப் படக்குனு கீழ இழுத்துச்சுன்னா அந்த இழுப்பு கடிவாளம், மணிக்கட்டு, முழங்கை, தோள்னு ஏறி நேரா உடைஞ்ச இடத்துலதான் போய் நிக்கும். நீங்க விழவே வேண்டாம். என்கிட்ட வந்த ஒரு ரைடிங் பாய், ரேஸ் குதிரைங்களைப் பயிற்சிக்கு ஓட்டற பையன், ஆறாவது வாரத்துல வேலைக்குப் போயிட்டான், குதிரை ஒரே ஒரு தடவை தலையை உதறினதுல அதே இடம் மறுபடி போச்சு, அப்புறம் பிளேட், இடுப்புல இருந்து எலும்பு எடுத்து வெக்கறதுன்னு ஆறு மாசம் சம்பளம் இல்லாம உக்காந்திருந்தான், சின்னப் பையன், இப்பவும் நினைச்சா கஷ்டமா இருக்கு.

ஸ்கூட்டர் ஓட்டுறேன்னு எழுதியிருக்கீங்க, அதையும் கொஞ்ச நாள் நிறுத்துங்க, நம்ம ஊர் ரோட்டுக் குழி உங்களுக்குத் தெரியாததா, இடது பிரேக்கைப் புடிக்கறதும் அதே கைதானே. மாத்திரை பத்தி ஒண்ணே ஒண்ணு, அது எலும்பை ஒட்ட வைக்காது, எலும்பு போடற சத்தம் உங்க காதுல விழாம பண்ணும், அவ்வளவுதான். மாத்திரை போட்டாத்தான் ஏற முடியும்னா அன்னிக்கு ஏறக்கூடாது.

இனி குதிரைக்கு வரேன், எலும்பு டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு நினைக்காதீங்க. விழுந்து எழுந்த ஒருத்தர் திரும்ப ஏறும்போது அவங்களுக்கே தெரியாம தோளைத் தூக்கி வெச்சுக்குவாங்க, மூச்சைப் புடிச்சுக்குவாங்க, முட்டியால சேணத்தை இறுக்குவாங்க, அடிபட்ட கை சும்மா இருக்க நல்ல கைதான் கடிவாள வாரை இழுத்துக்கிட்டே இருக்கும். இதெல்லாம் குதிரைக்குத் தன் முதுகுலயே தெரியும். ரேஸ்ல ஓடின பல குதிரைங்க கடிவாளத்தை இறுக்கினா நிக்காது, அது மேல சாஞ்சு இன்னும் வேகமா போகத்தான் பழகியிருக்கும், அப்ப நீங்க பயந்து இழுக்க இழுக்க அது பறக்கும். குதிரை குணம் அறிஞ்சுதான் ஆண்டவன் கொம்பு குடுக்கலன்னு நம்ம ஊர்ல சொல்வாங்க, எனக்கு அந்தப் பழமொழி புடிக்காது, உங்க குதிரை கெட்ட குணத்துல துள்ளல, சத்தம் கேட்டா மொதல்ல ஓடணும்னு பிறந்த உயிர் அது. இப்ப டிசம்பர் குளிர் வேற, குளிர் காலைல குதிரைங்களுக்கு துடிப்பு ஜாஸ்தி, ஏழு வாரம் கட்டிப் போட்ட குதிரைக்குக் கேக்கவே வேண்டாம்.

அதனால இந்த அஞ்சு ஆறு வாரம் அதை வேற யாராவது நல்லா ஏறத் தெரிஞ்சவங்க தினமும் ஓட்டட்டும், இல்லன்னா நீளக் கயித்துல வட்டமா ஓட விடட்டும், முடிஞ்சா நாள்ல கொஞ்ச நேரம் திறந்த வெளியில அவுத்து விடச் சொல்லுங்க. வேலை இல்லாதப்ப அதே அளவு ஓட்ஸ் போட்டா அந்த சக்தி எங்க போகும், ஆனா திடீர்னு தீனியை மாத்தினா வயித்து வலி வந்துடும், கால்நடை டாக்டரைக் கேட்டு மெதுவா குறைங்க. நீங்க போய்ப் பாருங்க, தேய்ச்சு விடுங்க, ஆனா இடது கையால புடிச்சு நடத்தாதீங்க, கயித்தை எந்தக் கையிலயும் சுத்தி வெச்சுக்காதீங்க.

12வது வாரம் எக்ஸ்ரே எடுங்க. அதுல ஒட்டியிருக்குன்னு உங்களைப் பாத்த டாக்டர் சொல்லணும், உடைஞ்ச இடத்தை விரலால அழுத்தினா வலிக்கக்கூடாது, ரெண்டு கையும் தலைக்கு மேல ஒரே உயரத்துக்குப் போகணும், தரையில பத்து புஷ் அப் முட்டி போட்டாவது எடுக்க முடியணும். இத்தனையும் சரின்னா ரைடிங் ஸ்கூல்ல இருக்கற வயசான சாது குதிரை ஒண்ணு கேளுங்க, மொத ரெண்டு வாரம் வேலி போட்ட இடத்துல வெறும் நடை, அப்புறம் டிராட், அதாவது மெதுவான ஓட்டம். உடம்பு பயத்தை விட்டதுன்னு உங்களுக்கே தெரியும், மூச்சு தானா வரும். அதுக்கப்புறம் உங்க குதிரை, அதுவும் அன்னிக்கு வேற ஒருத்தர் அரை மணி நேரம் ஓட்டி முடிச்ச பிறகு.

நீங்க எழுதாத ஒண்ணு கேக்கறேன், விழுந்தப்ப தலை அடிபட்டுச்சா? அன்னிக்கு நடந்ததுல கொஞ்சம் ஞாபகம் இல்லன்னாலோ இன்னமும் தலைவலி, தலைசுத்தல், வெளிச்சம் பாத்தா கூசறதுன்னு இருந்தாலோ எலும்பு ஒட்டினாலும் ஏறக்கூடாது, மொதல்ல நியூராலஜிஸ்ட்டைப் பாருங்க. அந்த ஹெல்மெட் தரையில மோதியிருந்தா வெளிய கீறல் இல்லன்னாலும் தூக்கிப் போட்டுடுங்க, உள்ள இருக்கற ஃபோம் ஒரு அடிதான் தாங்கும். பைக் ஹெல்மெட் வேண்டாம், குதிரைக்குன்னே இருக்கறது வாங்குங்க. இடது கை மரத்துப் போனாலோ கை நிறம் மாறினாலோ காத்திருக்காம அன்னிக்கே ஆஸ்பத்திரி போங்க.

வீட்டுக்காரர் விக்கச் சொல்றது பயத்துலதான், ஆஸ்பத்திரியில உங்களைப் பாத்த மனுஷன் அவர். 12வது வாரம் எக்ஸ்ரே பாக்கப் போகும்போது அவரையும் கூட்டிட்டுப் போங்க, ஒட்டின எலும்பை அவர் கண்ணால பாக்கட்டும், விக்கறதா வேண்டாமான்னு அதுக்கப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்க.